ரம்பம் தொடாத முகம்

மரப்பலகையில் படத்தை ஒட்டி, துண்டு துண்டாக அறுத்து ஜிக்சா புதிர் செய்வதுதான் என் வேலை. முகத்தை நாலாக அறுத்தால்தான் சேர்ப்பவருக்குச் சுவாரசியம் என்பது என் பிடிவாதம்.

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் இருக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி டிரைவர் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். "அக்கா, அவ மூஞ்சிய மட்டும் அறுத்துறாதீங்க. முழுசா ஒரே துண்டா இருக்கோணும்" என்றார். இதெல்லாம் ஒரு புதிரா என்று முணுமுணுத்துக்கொண்டே அப்படியே செய்து கொடுத்தேன்.

போன மாசம் அவர் வீட்டுக்குப் போனேன். போர் போட வண்டியோடு ஒடிசா போயிருந்தார். மேஜைமேல் புதிரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு சிரிக்கிறார். பக்கத்தில் பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை!

"துண்டு தொலஞ்சு போச்சா சாமி? கவலப்படாத, வேற அறுத்துத் தாரேன்" என்றேன்.

அவர் மனைவி வெட்கத்தோடு சிரித்தாள். "தொலையலீங்க அக்கா. வண்டிக்குப் போறப்பெல்லாம் அவருதான் சட்டப் பையில போட்டுக்கிட்டுப் போயிருவாரு. போன்ல இருக்கற படம் பத்தாதாமுங்க. ஊட்டுக்கு வந்ததும் மொத வேலையா அத வெச்சுட்டுத்தான் சாப்புடவே உக்காருவாரு."

ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நான் அறுத்தபோது இருந்த சொரசொரப்பு போய், வழவழவென்று தேய்ந்திருந்தது.

இப்போதெல்லாம் யார் படம் கொண்டுவந்தாலும், ரம்பத்தைத் தொடுமுன் கேட்டுவிடுகிறேன்: "யாரு மூஞ்சிய முழுசா உடட்டுங்க?"