பேட்டரியின் பச்சைக் கண்

கணவர் மூன்று மாத வேலையாக அமெரிக்கா போனபோது, தெலுங்கு பேசும் லோத்குண்டாவில் எங்கள் வீட்டில் நானும் நான்கு வயது மகளும் காரும் மிஞ்சினோம். மகளுக்கு எப்போது வேண்டுமானாலும் இளைப்பு வரும். வந்தால் நான்தான் டாக்டரிடம் ஓட்டிப்போக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கார் கிளம்பாவிட்டால்? இந்தக் கேள்வியோடுதான் தினமும் பல் தேய்ப்பேன்.

தினம் ஸ்டார்ட் செய்து பார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். செய்தேன். கூடவே ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பேன். புகை குழந்தைக்கு ஆகாதே என்று உடனே அணைத்துவிடுவேன். வெளியே மட்டும் எடுக்கமாட்டேன். எங்காவது இடித்துவிட்டால் அவசரத்துக்குக் கார் இருக்காதே.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்கோ படித்து, டிஸ்டில்டு வாட்டரும் வாங்கினேன். மூடிகளைத் திறந்து ஊற்றுவது ஒரு வகையாம். எங்களுடையது திறக்கவே முடியாத சீல் வைத்த வகை. மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண் மட்டும் இருந்தது. பச்சை என்றால் சார்ஜ் இருக்கிறது, கறுத்தால் இறங்கிவிட்டது, வெளுத்தால் மாற்ற வேண்டியதுதான் என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தது. தண்ணீரை இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றினேன். காலையில் மகளின் தொண்டைக்கு டார்ச் அடித்த கையோடு பேட்டரியின் கண்ணுக்கும் அடிப்பேன்.

ஒருநாள் கண் கறுத்திருந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி. அவருக்குப் போன் போட்டேன்.

"தினம் எவ்வளவு நேரம் ஓட விடுற?"

"ரெண்டு நிமிஷங்க. எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டு ஆஃப் பண்ணிடுவேன்."

"ஸ்டார்ட் பண்றதுக்கே அவ்வளவு சார்ஜ் இழுக்கும். ரெண்டு நிமிஷத்துல அது எப்படித் திரும்ப ஏறும்? டெஸ்ட் பண்ணியே கொன்னுட்டியேம்மா."

எதிர்வீட்டு அங்கிள் தன் ஜீப்பை ஒட்டி நிறுத்தி, இரண்டு பேட்டரிகளுக்கும் கேபிள் மாட்டி உயிர் கொடுத்தார். அரை மணியாவது ஓட்டு, நடுவில் அணைக்காதே என்றார். மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு மனப்பாடமான வழி ஒன்றுதான். நேரே டாக்டரின் கிளினிக் வாசலில் போய் நின்றேன்.

மகள் அலறினாள். "ஜுரம் லேது மம்மீ, நாகு ஜுரம் லேது." தனக்கு ஜுரம் இல்லையாம், தெருப் பிள்ளைகளிடம் பிடித்த தெலுங்கில்.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். இஞ்சினை அணைத்துவிட்டுக் குழந்தையை இறக்கச் சொன்னார்.

"நக்கோ, நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் நான் கற்ற முதல் சொல். குழந்தை நன்றாக இருக்கிறாள், பேட்டரிக்குத்தான் உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டாக்டர் உள்ளேதான் இருக்கிறார், வேண்டுமானால் நீங்கள் போய்க் காட்டுங்கள் என்றார்.

அரை மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. வேறு வழி தெரியாமல் கிளினிக்கையே சுற்றினேன். வாசல் வரும்போதெல்லாம் மகள் அலறினாள். மூன்றாவது சுற்றில் அலுத்துப்போய், வாட்ச்மேனுக்கு டாட்டா காட்டினாள்.