மாடிப்படிக் கதவு

ஆனையூரைத் தாண்டி எங்கள் வீடு. நான்கு வழிச்சாலைக்காக அதை எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. சில வாரங்களில் இருவர் டேப்போடு அளக்க வந்தார்கள். என் கணவர் ஓடிப்போய் மாடிப்படிக் கதவைப் பூட்டிவிட்டு, "மேல தண்ணி டேங்க் மட்டுந்தான் சார்" என்றார். வீட்டுவரிக்கு அளக்க யார் வந்தாலும் பல வருடமாக நாங்கள் சொல்லும் பொய் அது. பழக்கதோஷம்.

இழப்பீட்டுப் பட்டியல் வந்தது. அதில் கீழ்வீடு மட்டும்தான் இருந்தது. என் வளையல்களை விற்று, மாடியில் தெருவுக்குத் தெரியாதபடி பின்பக்கமாகக் கட்டிய இரண்டு அறைகளைக் காணோம்! அன்று முழுக்க இவர் சாப்பிடவில்லை. திட்டத்தான் நினைத்தேன், முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

மறுநாளே நிலமெடுப்பு அலுவலகத்துக்குப் போய், நடந்ததை மறைக்காமல் எழுதி மனு கொடுத்தோம். நல்லவேளை, ஆட்சேபம் சொல்ல இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுபடி அளக்க வந்த சர்வேயர் மாடியைப் பார்த்துவிட்டு, "நாங்க வரி போட வரலக்கா, வீட்டையே எடுக்க வந்திருக்கோம். எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் காட்டுங்க" என்றார். போர்வெல்லிலிருந்து துவைக்கிற கல்வரை காட்டினேன். மாடியும் பட்டியலில் ஏறியது. பழைய வரிபாக்கியையும் கட்டினோம்.

இப்போது பழங்காநத்தத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். போன மாதம் வரிக்கு அளக்க வந்தவரிடம், அவர் கேட்பதற்கு முன்பே, "மாடியையும் பாத்துருங்க சார்" என்று இவர் கதவைத் திறந்துவிட்டார்.

மேலே நிஜமாகவே தண்ணீர் டேங்க் மட்டும்தான் இருந்தது.