பச்சை காட்டிய திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் செய்தால் அப்பாவுக்கு அடுத்தது திங்கள்தான். அந்த இடைவெளியில் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும். அந்தத் திங்கள் காலை மூன்று படி இறங்குவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

எங்கள் ஊர் புந்தோங்கில் அவர் போகும் டயாலிசிஸ் சென்டரின் சர்வரை, நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் கணினியை, பார்த்துக்கொள்வது நான். நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்பதற்கு மேல் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. சர்வருக்கு எஸ்.எஸ்.எல். சான்றிதழ் என்று ஒன்று உண்டு; அதன் தேதி முடிந்தால் பிரௌசர் யாரையும் உள்ளே விடாது. தேதியைக் கண்காணிக்க நானே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். அன்றும் போனில் பச்சை காட்டியது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறதென்று. அப்பாவை இறக்கிவிட்டு எதிர்க்கடையில் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒன்று சொன்னேன்.

போன் அடித்தது. சென்டரின் தலைமை நர்ஸ்.

“அண்ணே, சிஸ்டம் திறக்கல லா. பாதுகாப்பு இல்லேன்னு சிவப்பா வருது. யாருக்கு எவ்ளோ தண்ணி எடுக்கணும், என்ன மருந்து, எல்லாம் அதுலதான் இருக்கு. பாக்காம நான் ஊசி குத்த மாட்டேன்.”

“அப்பா?”

“உக்காந்திருக்காரு. மூச்சு ரொம்ப வாங்குது. சீக்கிரம் பாருங்க லா.”

மடிக்கணினியைத் திறந்து, அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவதும் தப்பானால் பூட்டிக்கொள்ளும். ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

உள்ளே போனதும் புரிந்தது. புதிய சான்றிதழை வெள்ளியன்றே வைத்துவிட்டேன். ஆனால் மெஷினில் ஆள் இருக்கும்போது சர்வரை நிறுத்தி எழுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கடைசி ஷிஃப்ட் முடியட்டும் என்று விட்டவன், அடியோடு மறந்துபோனேன். எழுப்பாத சர்வர், ஞாயிறோடு தேதி முடிந்துபோன பழைய சான்றிதழையே நீட்டிக்கொண்டிருந்தது. என் நிரலோ கோப்பில் இருந்த புதிய தேதியை மட்டும் பார்த்துப் பச்சை காட்டியது. சர்வர் வெளியே எதைக் காட்டுகிறது என்றும் அதைப் பார்க்க வைக்க எனக்குத் தோன்றவே இல்லை, மடையன்.

சர்வரை நிறுத்தி எழுப்ப ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். அடித்துவிட்டு, திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் சென்டரின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆ, வந்துருச்சு அண்ணே,” என்றார் நர்ஸ் போனில். தே தாரிக் ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

நான்கு மணி நேரம் கழித்து அப்பாவைக் காரில் ஏற்றினேன். மூச்சு சீராகியிருந்தது.

“இன்னிக்கு அரை மணி நேரம் லேட்டு,” என்றார். “கம்ப்யூட்டரப் பாத்துக்கிறவன் எவனோ தூங்கிட்டான் போல. பக்கத்துல இருந்தவங்க பயந்துட்டாங்க. நான் பயப்படல. ஒண்ணும் முடியலன்னா என் மகன் வந்து சரி பண்ணிடுவான்னு சொன்னேன்.”

“சரிப்பா,” என்று அவருக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டேன். மாட்டுவதற்குள் இரண்டு முறை கை தவறியது.