சுவாமியாரின் பெட்டிக் கயிறு

எங்கள் மாதா கோயிலுக்கு வந்த வெள்ளைக்காரச் சுவாமியாருக்குக் கயிறு கட்டத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தது நான்தான். அந்த ஐப்பசிக் காலை, அம்மா தந்துவிட்ட அப்பத்தோடு அவருடைய அறைக்குப் போனபோது, அவர் தன் தகரப் பெட்டியைச் சுற்றிக் கயிறு போட்டு முழங்காலால் அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் போட்ட முடிச்சைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆட்டுக்குட்டிகூட அதில் நிற்காது.

நான் மீன்பிடிகாரரின் மகள். அப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, அப்பா வள்ளத்தைக் கட்டும் முடிச்சையே அதற்குப் போட்டுக் கொடுத்தேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகும். வாலைப் பிடித்து இழுத்தால் மட்டும் சட்டென்று அவிழும். அவர் முடிச்சையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “நல்ல பிள்ளை” என்றார். கண் சிவந்திருந்தது. காய்ச்சலாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. பாவம், அவருடைய பிரசங்கம் ஒருவருக்கும் விளங்காது. விளங்காததாலேயே அது பெரிய பிரசங்கமாக இருக்கவேண்டும் என்று பெரியம்மா மெச்சுவா. மற்றவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள்.

அன்று விடியமுன் வள்ளங்கள் போனபோது வானம் வெளித்திருந்தது. வெயில் ஏறும் நேரத்தில் வாடைக்காற்று திரும்பி, மழை கடலோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. துறைமுகத்து வாயும் தெரியவில்லை, சிவன் கோயில் நிற்கும் கோணேசர் மலையும் தெரியவில்லை. மாதாவைக் கும்பிடும் வேதக்காரர் என்றாலும் எங்கள் அப்பாமார் கோணேசர் மலையை அடையாளம் வைத்துத்தான் வீடு வந்து சேர்வார்கள். மலை மறைந்தால் கரை எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது. பாறைக்கு மேலே போய் ஏறினால் கதை முடிந்தது. எஞ்சின் இல்லாத காலம். அப்பாவின் வள்ளமும் சின்னமாமாவின் வள்ளமும் வெளியே நின்றன. கோயில் மணி அடிக்கிற மூப்பரும் சின்னமாமாவோடுதான் போயிருந்தார்.

பெண்கள் எல்லோரும் கரையில் நின்றோம். யாரும் அழவில்லை. ஆட்கள் வெளியே நிற்கும்போது அழுவது எங்களிடத்தில் வழக்கமில்லை. அப்போதுதான் மணி கேட்டது. ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி.

பூசை மணி வேறு, செபத்துக்கு அடிக்கும் திருந்தாதி மணி வேறு. விட்டுவிட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தால் அது துக்க மணி. பிரேதம் கோயிலுக்கு வரும்போது மட்டும் அடிப்பது. கரையில் நின்ற ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். அம்மா விழவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினா. பின்னால் நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

மணிக்கூண்டின் கீழே சுவாமியார் நனைந்துபோய் நின்றார். ஒரு தரம் இழுப்பதும், இழுத்துவிட்டுக் கடல் பக்கம் காது கொடுப்பதுமாக இருந்தார். உள்ளங்கை உரிந்து இரத்தம் வந்திருந்தது.

“ஆருக்கு அடிக்கிறீங்கள், சுவாமி? உயிரோட நிக்கிறவைக்கோ?” அம்மா அவருக்கு முன்னால் போய் நின்று கத்தினா.

“கடலில்... கேட்கவேணும். வழி” என்றார் அவர். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அம்மா அவர் கையிலிருந்து கயிற்றைப் பறித்தா. மணி நின்றது. பிறகு மழைச் சத்தம்தான்.

கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து கூப்பாடு கேட்டது. சின்னமாமாவின் வள்ளம் வந்துவிட்டது. மாமா கோயிலடிக்கு ஓடிவந்தார். சந்தோசத்தில் அல்ல, கோபத்தில்.

“ஏன் நிப்பாட்டினீங்கள்? வேகமா அடிச்சா சத்தத்தைக் காத்து அள்ளிக்கொண்டு போயிரும். ஒண்டொண்டா கேட்டபடியாத்தான் கரை எந்தப் பக்கமெண்டு பிடிச்சனாங்கள்!”

“அவர் எங்க?” என்றா அம்மா.

“அத்தான் பின்னாலதான் வந்தவர். மணி நிண்டாப் பிறகு காணேல்லை.”

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அம்மா போய்க் கயிற்றைப் பிடித்தா. பெரியம்மா ஓடிவந்து கையைப் பிடித்தா. “கழுத்தில தாலியோட நிண்டு புருசனுக்குத் துக்க மணி அடிக்கப்போறியோ?”

“ஓம், அடிப்பன். அவர் வந்து ஏசட்டும்.”

அம்மா அடித்தா. ஒன்று. பிறகு ஒன்று. ஒவ்வொரு அடிக்கும் பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டா. சுவாமியார் பக்கத்தில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், ஈரத்தில் ஊறிய பழங்கயிறு மேலே வளையத்தடியில் அறுந்து அம்மாவின் தலையில் விழுந்தது.

சுவாமியார் வேறு கயிறு எடுக்க அறைக்கு ஓடினார். கயிறு வரவில்லை, பெட்டி தரையில் இழுபடும் சத்தம்தான் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது, தகரப் பெட்டியோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க என் கட்டு இறுகியது. தன் பாசையில் ஏதோ சொன்னார். நல்ல சொல்லாக இருந்திருக்காது. நான் வாலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தேன். கயிறு கையோடு வந்தது.

ஏணியில் ஏறி அவரே கட்டினார். கட்டு எப்படியென்று கீழே நின்று நான் கத்தினேன். அம்மா திரும்ப அடித்தா. கை ஓய்ந்தபோது பெரியம்மாவே வாங்கி அடித்தா. பிறகு மற்றப் பெண்கள். உயிரோடு இருக்கும் ஒருவருக்காக அத்தனை துக்க மணி எங்கள் ஊரில் அடித்ததில்லை.

அப்பா வந்தார். பாய் கிழிந்து, பாறைக்குச் சற்று இப்பால், துடுப்புப் போட்டபடி வந்தார். வள்ளத்தை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “ஆர் செத்தது?” என்பதுதான். மணி கேட்டதிலிருந்து அந்த ஆத்துமத்துக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாராம். அம்மா அவருடைய நெஞ்சில் இரண்டு அடி போட்டுவிட்டு அழத் தொடங்கினா.

சுவாமியார் ஈர மணலில் முழங்காலில் நின்றார். அவரும் அழுதார். கை உரிந்த நோவாக்கும் என்று நான் இரங்கினேன்.

ஒரு கிழமை கழித்து மறுபடி அப்பம் கொண்டுபோனேன். பெட்டி திறந்து வெறுமையாகக் கிடந்தது. உடுப்பெல்லாம் அலுமாரியில் தொங்கின. அவருடைய கயிறு இன்னும் மணியில்தான் இருந்தது. அப்பாவிடம் புதுக் கயிறு வாங்கி வரட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம், பிள்ளை” என்று சிரித்தார் சுவாமியார்.

கயிறில்லாமல் அவ்வளவு பெரிய பெட்டியை இந்த மனிசன் எப்படி ஊருக்குக் கொண்டுபோகப்போகிறார் என்று, வீடு வரும்வரை எனக்கு ஒரே கவலையாக இருந்தது.