பின்பத்தியும் கனடாவும்

அக்கா வீட்டு விறாந்தைச் சுவரில் கனடாத் தேசப்படம் ஒன்று தொங்கியது. துறைமுக டொக்யாட்டில் கிளாக்காக இருந்த அத்தானுக்குக் கப்பற்காரர் ஒருவர் கொடுத்தது. கனடாவில் போல கொழும்பும் அதிகாரத்தைப் பிரித்துத் தரவேணும் என்று சமஷ்டிக் கதை ஊரெல்லாம் கொதித்த காலம். பின்னேரமானால் அத்தானின் கூட்டாளிமார் கதிரைகளை இழுத்துப் போட்டு அந்தப் படத்துக்கு முன்னால் இருந்துவிடுவார்கள். தேத்தண்ணித் தட்டோடு கதவுச்சீலைக்குப் பின்னால் நிற்கும் எனக்கும் மேல் புல்லரிக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அத்தான் சொன்னால் விளங்கும்.

அந்தக் கிழமை எனக்கு வேறொரு யோசனை. எங்கள் வழக்கப்படி அம்மா வீடு வளவை மூத்த மகளுக்குச் சீதனமாக உறுதி முடித்துக் கொடுத்திருந்தா. எனக்கென்று ஒன்றைத் தேடிவைக்க முதல் கண்ணை மூடிவிட்டா. கல்யாணம் முடித்து நானும் என்னுடையவரும் இருந்தது, அக்கா "இருங்கோ" என்று விட்ட, வீட்டின் பின்பக்கம் சாய்ப்பாக இறக்கின பின்பத்தி அறையில். இப்போது கந்தளாய் ஓவசியர் ஒருவர் வாடகைக்கு வருகிறார், அறையை விடவேணும் என்று அக்கா சொல்லிவிட்டா. நானோ பிள்ளைத்தாச்சி.

அத்தான் படத்தில் விரலை வைத்தார். "இது மாகாணம். இதின்ர அதிகாரம் சட்டத்தில எழுதிக் கிடக்கு. தலைநகரில இருக்கிறவர் தான் நினைச்சபடி கைவைக்க ஏலாது." விரல் வடக்கே பனிப்பக்கம் போனது. "இது டெரிட்டரி. இதுக்கும் சபை இருக்கு. ஆனால் மத்திய அரசாங்கம் குடுத்த அளவுதான். நினைச்சால் திருப்பி எடுக்கலாம்."

"அப்ப நாங்கள் இருக்கிற பின்பத்தி டெரிட்டரியோ அத்தான்?"

கேட்டது நான்தான் என்று எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. கூட்டாளிமாரில் ஒருவரான தபால்கந்தோர்க்காரர் குலுங்கிச் சிரித்தார். "ஐசே, கொழும்பை ஏன் ஏசுறீர்? கொழும்பு உம்மட வீட்டிலயல்லோ இருக்கு." அத்தானின் காது சிவந்துபோனது.

அவர்கள் போனதும் அக்கா குசினிக்குள் வந்தா. "நாலு பேருக்கு முன்னால என்னை மத்திய அரசாங்கமாக்கிப் போட்டாய், என்னடி?"

பின்னால் வந்த அத்தான் அதற்குப் பதில் சொன்னார். "வளவு உம்மடது, நீர்தான் சொல்லவேணும். அந்தப் பின்பக்கத்தை இவளுக்கு எழுதிக் குடுமன். இல்லாட்டி நான் இனி எந்த முகத்தோட அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு கதைக்கிறது?"

அக்கா அடுப்பு விறகை உள்ளே தள்ளினா. "எழுதுவம். ஆனால் கிணறு என்ர பக்கம். தண்ணிக்கு என்னட்டக் கேட்டுத்தான் வரவேணும்."

அறை கிடைத்ததே போதும் என்று பேசாமல் இருந்திருக்கலாம். "கிணறு ரெண்டு பேருக்கும் பொது எண்டு எழுதவேணும், அக்கா" என்றேன்.

"பாருங்கோ இவளை" என்றா அக்கா. மறுக்கவில்லை.

இன்றைக்கு அந்த வளவில் இரண்டு வீடு. இரண்டுக்கும் நடுவால் நேராக ஓடிவருகிற வேலி, கிணற்றடிக்கு வந்ததும் நின்றுவிடும்.