கணக்குப் பரீட்சைக்குப் போனவள்

விளிம்பு நெளிந்த ஓர் அலுமினியத் தட்டு. என் வகுப்புத் தோழியை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அதுதான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. மாதத்தில் மூன்று நாள் அவளைக் கொல்லைப்புறத்து அறையில் உட்கார வைத்து, அந்தத் தட்டைத் தரையில் தள்ளிவிட்டு, எட்ட நின்று சாதம் போடுவார்கள். அவள் யாரையும் தொடக் கூடாது. புத்தகம் சரஸ்வதியாம், அதையும் தொடக் கூடாது. பள்ளிக்கூடமா, பேச்சே எடுக்கக் கூடாது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் இதெல்லாம் இல்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இருந்தது, கொஞ்சம் தண்ணீர் கலந்து இருந்தது.

அவள் போன மாதம் இறந்துபோனாள். அதற்குள் அவளை அடக்கமான பெண்ணாக ஆக்கும் வேலை தொடங்கிவிட்டது. நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

அறுபதுகளின் கடைசி. நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தோம். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். மூன்று நாள் வராமல் இருந்துவிட்டு நான்காம் நாள் வருவாள். என் நோட்டை வாங்கி, மணி அடிப்பதற்குள் விட்ட கணக்கையெல்லாம் போட்டு முடித்து, நான் செய்திருந்த தப்புகளையும் திருத்திக் கொடுப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தப் பங்குனியில் அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பாஸ் பண்ணினால் கல்லூரிக்கு அனுப்புகிறேன் என்று அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பாஸ் பண்ணாவிட்டால் கல்யாணம். அவ்வளவுதான் கணக்கு.

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் அவள் 'தூரம்' ஆகிவிட்டாள். அவள் பின்பக்கமாகத் தெருவுக்குப் போய்விடாதபடி கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் அவள் அத்தை. அப்பாவின் அக்கா, அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலை வழக்கம்போல அவளைக் கூப்பிடப் போனேன். வாசலில் நின்றால் கொல்லை வரை நேராகத் தெரியும் வீடு அது. மடிப்புடவையில் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்று, கொல்லையறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் அத்தை.

"செப்டம்பர்ல எழுதிக்கோடி. இப்ப என்ன குடியா முழுகிப் போயிடும்?"

அவள் அப்பா பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. கெட்டிக்காரர்!

கொல்லையறைக் கதவு திறந்தது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நேரே கூடத்துக்குள் நடந்து வந்தாள். அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"அத்தே, நகருங்கோ. நகராட்டா மேல பட்டுடுவேன்."

அத்தை நகர்ந்தாள். நகராமல் என்ன செய்வாள்? அவளைத் தடுக்க வேண்டுமென்றால் தொட வேண்டும். தொட்டால் மடி என்கிற சுத்தம் போயிற்று. இத்தனை வருஷம் அவளைக் கட்டிப்போட அவர்கள் வைத்திருந்த அதே விதி அன்றைக்கு அவர்கள் கையையே கட்டிப்போட்டுவிட்டது. வாசற்படியில் அவள் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். "பிடிச்சு நிறுத்தேன், பார்க்கலாம்" என்று இவள் ஓரடி முன்னால் வைத்தாள். படியிலிருந்து தெருவுக்கே குதித்துவிட்டான் அந்த வீரன்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பரீட்சை எழுத வேண்டிய பள்ளி கோபாலபுரத்தில். பஸ்ஸில் ஒரே நெரிசல். "இன்னா பாப்பா, பரீச்சையா? படில நிக்காதே, உள்ள போ" என்றார் கண்டக்டர். உள்ளே போனோம். அத்தனை பேர் மேலும் இடித்துக்கொண்டு நின்றோம். உலகம் அழிந்துவிடவில்லை.

சாயங்காலம் வீடு முழுக்கக் கழுவிவிட்டார்கள். ரிசல்ட் வரும்வரை அவளோடு யாரும் பேசவில்லை. கணக்கில் எங்கள் பள்ளியிலேயே அவள்தான் முதல். விஷயம் காதில் விழுந்து அந்த வரன் தானாகவே ஓடிப்போனது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அப்பா வாக்கைக் காப்பாற்றினார், அது வரைக்கும் நல்ல மனுஷன். கல்லூரி முடித்து, அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள். அங்கேயே கடைசிவரை இருந்தாள்.

அவள் இறந்த பதின்மூன்றாம் நாள் ராஜா அண்ணாமலைபுரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்: "என் தங்கை ஆத்துப் பெரியவா பேச்சை ஒரு நாளும் மீறினதில்லை. அவ்வளவு அடக்கம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கால் வலியோடு எழுந்து நின்றேன். "அண்ணா, பொய் சொல்லாதீங்க. மீறினா. மீறினதாலதான் படிச்சா." அந்தக் காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"இதெல்லாம் சபையில பேசற விஷயமாம்மா?" என்றார் அண்ணன்.

"சபையில பேசாமத்தானே அவளைக் கொல்லையில உட்கார வச்சீங்க?"

கடைசி வரிசையிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். என் தோழியிடம் பள்ளியில் படித்தவளாம்.

"எங்க வூட்டுக்கும் வந்தாங்க டீச்சர். பரீச்சை அன்னிக்கு எங்கம்மா என்னை இதே மாரி உள்ள குந்த வச்சிருந்துது. டீச்சர் என் கையப் புட்ச்சு இட்டுக்கினு போய் ஹால்ல உக்கார வச்சாங்க."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "என்னையுந்தான்."