கவினின் லைசென்ஸும் பழனியப்பனின் கையெழுத்தும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலை பதினோரு மணி. என் மேஜைக்கு இரண்டு பதிவுத் தபால் கவர்கள் வந்து சேர்ந்தன. இரண்டும் நான் அனுப்பியவை. இரண்டும் பிரிக்கப்படவே இல்லை.

கொண்டுவந்தவர் பழனியப்பன். திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் ஓட்டும் ஒரு கம்பெனியின் ஆபீஸ் மேனேஜர். பூஜைக்காக டிராயரைக் கவிழ்த்துத் துடைத்தபோது கிடைத்ததாம். தன் கம்பெனிப் பையன் ஒருவனுக்கு ஏதாவது லைசென்ஸ் கார்டு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

கார்டு இல்லை. ஒன்று, விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இன்னொன்று, லைசென்ஸை மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்த ஆணை. பெயர் கவின், வயது இருபத்திரண்டு. ஆணை அமலுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"கவின் இப்ப எங்கீங்க இருக்காரு?"

"சத்தீஸ்கர்லீங்க. நம்ம லாரியத்தான் ஓட்டிட்டு இருக்கறான்."

இந்த ஆண்டு குரூப் 4 தேறி, போக்குவரத்து அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கப்போகிற நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் ஒன்றரை ஆண்டுக்கு முன் உங்களைப் போல வந்தவள்தான். சஸ்பென்ஷன் செக்‌ஷனை எனக்குக் கொடுத்தார்கள். கட்டுக் கட்டாகத் தேங்கிக் கிடந்த ஃபைல்களை ஒரே மாதத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று நானாகவே அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

வேகம்

வேலை இப்படித்தான் நடக்கும். போதையிலோ அதிவேகத்திலோ ஓட்டிப் பிடிபட்டவரின் லைசென்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி போலீஸ் நமக்குப் பரிந்துரை அனுப்பும். நாம் நோட்டீஸ் அனுப்புவோம். அவர் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். வராவிட்டால், நோட்டீஸ் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை ஃபைலில் இருந்தால் போதும், ஆணை போட்டுவிடலாம்.

அட்டை திரும்பி வந்ததா, கையெழுத்து இருக்கிறதா, அடுத்த ஃபைல். இதுதான் என் வேகத்தின் ரகசியம். கையெழுத்து யாருடையது என்று நான் பார்த்ததே இல்லை.

பழனியப்பன் கிளம்புவதற்குள் கவினின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு அட்டையிலும் தெளிவாக 'பழனியப்பன்'. கேட்டதும் அவர் மறைக்கவில்லை. ரிக் பையன்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். கவினுக்குத் தம்மம்பட்டி. ஹெவி லைசென்ஸ் எடுக்கும்போது கம்பெனி ரூம் விலாசத்துக்கு ஆதாரை மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் ரிக்கோடு வடக்கே போனால் ஆறு மாதம், எட்டு மாதம். அவர்களுக்கு வரும் தபாலுக்கெல்லாம் இவர்தான் கையெழுத்து. பேங்க் கார்டு, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அந்த டிராயரில் பத்திரமாக இருக்கும்.

"இதுவரைக்கும் ஒருத்தன் தபாலக்கூடத் தொலைச்சதில்லீங்க" என்றார், பெருமையாக.

லைசென்ஸ் நிறுத்தப்பட்டவன் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான். யார் மீதாவது இடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், அவன் உள்ளே போவான். அவனுக்கோ எதுவுமே தெரியாது. அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் ஃபைலை மூடியிருந்தேன்.

விஷயம் புரிந்ததும் பழனியப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க சாமி, அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டுத் தட்டி எடுத்து உட்ற முடியாதுங்களா?"

எனக்கும் அந்த ஆசை ஒரு நிமிடம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியாது என்று சொல்லிவிட்டு, ஃபைலோடு ஆர்.டி.ஓ. சார் அறைக்குப் போனேன்.

போன்

சார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி விசாரணை வைக்கலாம் என்றார். அதுவரை ஆணையை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டேன்.

"நிறுத்தி வச்சா அவன் ஓட்டுவான்மா. வலி மாத்திரைய போதைக்குப் போட்டுட்டு பைக்ல பறந்தான்னு ரிப்போர்ட் இருக்கு. நீ அட்டையப் பாக்காதது உன் தப்பு. அதுக்காக ரோட்ல போறவன் அடிபடணுமா? முதல்ல அவன வண்டிய விட்டு இறக்கு."

வெளியே வந்தேன். பழனியப்பன் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மூன்றாவது முறை கவின் எடுத்தான். ஒரு பாயிண்டில், அதாவது குறித்துக் கொடுத்த இடத்தில், போர் போட்டு முடித்து, அடுத்த ஊருக்குக் குழாய் ஏற்றிக் கிளம்பி, டீசல் போட நிறுத்தியிருந்தானாம்.

விஷயத்தைச் சொன்னேன்.

"கோர்ட்ல ஃபைன் கட்டிட்டேனே மேடம். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அசல் லைசென்ஸ் அவன் கையில், போனிலும் ஒரு நகல். கோர்ட் வேறு, நம் அலுவலகம் வேறு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

"உங்கள ஒரு வார்த்தை கேக்காம ஆர்டர் டைப் பண்ணினது நான்தான் கவின். அது என் தப்பு. உங்களுக்கு விசாரணை உண்டு, சார் சொல்லிட்டாரு. ஆனா இப்ப நீங்க வண்டிய எடுக்கக் கூடாது."

"லாரிய பங்க்குல விட்டுட்டு எங்க மேடம் போறது? ரிக்கு முன்னாடி போயிடுச்சு. லேட்டானா அந்தப் பாயிண்ட் வேற கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் என்னைய ஊருக்கு அனுப்பிடுவாங்க."

அவன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பழனியப்பனைப் பார்த்தேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"கவினு, சாவிய எடுத்து சட்டைச் சோப்புக்குள்ள போட்டுக்கடா சாமி. பாயிண்டு போனாப் போவுது. ரிக்கு டிரைவரு வந்து லாரிய எடுக்கட்டும். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். கையெழுத்துப் போட்டவன் நானு."

அந்தப் பாயிண்ட் உண்மையிலேயே கைவிட்டுப் போனது. முதலாளி பழனியப்பனை ஒரு வாரம் வறுத்தெடுத்ததாகக் கேள்வி.

விசாரணை

விடுமுறை முடிந்ததும் ரயிலேறி கவின் வந்தான். சட்டை மடிப்பில் ரயில் அழுக்கு. பொய் சொல்வான், எப்படியாவது தப்பிக்கப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். சார் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான். குழாய் தூக்கித் தூக்கித் தோள் வலி. கூட இருந்த ஒருவன் மாத்திரை கொடுத்தான். வலி போனது, அப்புறம் வலி இல்லாத நாளிலும் வேண்டியிருந்தது.

"லாரி ஓட்டும்போது போட்டதுண்டா?" என்றார் சார்.

கவின் என்னைப் பார்த்தான், பழனியப்பனைப் பார்த்தான். "ரெண்டு வாட்டி போட்டிருக்கேன் சார்."

பழனியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு வரி, அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்கு அவனை அனுப்பியது. சஸ்பென்ஷன் மூன்று மாதம் என்பது அப்படியே இருந்தது. பங்க்கில் அவன் வண்டியை நிறுத்திய நாளிலிருந்து கணக்கிட்டு சார் புது ஆணை போட்டார். தண்டனையைச் சுருக்கினால்தான் கருணை என்று அதுவரை நினைத்திருந்தேன். கவினோ வெளியே வந்ததும் இரண்டு டீ சொன்னான், ஒன்று எனக்கு.

மூன்று மாதமும் உள்ளூர் ரிக்கில் கூலியாகவே இருந்தான். ஓட்டவில்லை. இடையில் இரண்டு முறை வந்தான், விசாரணையன்று எங்களிடம் ஒப்படைத்த லைசென்ஸ் கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க. டிராயரைத் திறந்து காட்டினேன்.

நான் வேலை செய்யும் முறை இப்போது மாறிவிட்டது. நோட்டீஸ் அனுப்பும் அன்றே, லைசென்ஸ் விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன். அட்டை வந்தால் கையெழுத்தைப் பார்க்கிறேன். வேறு பெயர் என்றால் இன்னொரு போன். ஃபைல்கள் மெதுவாக நகர்கின்றன. ஒரே மாதத்தில் முடிப்பேன் என்றதைச் சொல்லி செக்‌ஷனில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். வந்தால்தான் ஃபைலில் இருப்பது யார் என்று நமக்குத் தெரிகிறது.

கெடு முடிந்த மறுநாள், அலுவலகம் திறக்கும் முன்பே கவின் வாசலில் நின்றான். கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். ஆனால் நகரவில்லை. இன்னொரு ரிக்கில் லாரி ஓட்டும் நண்பன் ஒருவன், அவனும் மாத்திரை போடுகிறானாம், இன்னும் பிடிபடவில்லையாம்.

"நான் சொன்னா சிரிக்கிறான் மேடம். என்கிட்ட பேசினீங்கல்ல, அது மாதிரி அவன்கிட்டயும் ஒரு தடவ பேசறீங்களா?"

பிடிபடாதவனுக்கு எந்தப் பிரிவின் கீழும் நோட்டீஸ் கிடையாது. ஃபைல் இல்லை, வழக்கு எண் இல்லை, அட்டை இல்லை. அந்த நண்பனின் போன் நம்பரை வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் என் சொந்த போனிலிருந்து கூப்பிட்டேன்.